ஒரு நாள் விட்டால் பூஜ்ஜியமா? வீட்டு உடற்பயிற்சிச் செயலிகளோடு நம் அனுபவம்

செயலி வடிவமைப்பு என் வேலை. வீட்டில் பயிற்சி செய்பவர்களுக்கான ஒரு செயலிக்காகப் பல வீடுகளுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முழங்கால் வலிக்காகப் பயிற்சி செய்துவந்த ஒரு அம்மாவுக்கு, விடாமல் செய்த நாட்களைக் காட்டும் எண்ணிக்கையில் அவ்வளவு பெருமை. காய்ச்சலில் படுத்து எழுந்து வந்து பார்த்தால் பூஜ்ஜியம். "இத்தனை நாள் செஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்குது" என்றார். அதோடு செயலியைத் திறக்கவே இல்லை. இவ்வளவுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் இயக்கம். கணக்கு வாரத்துக்குத்தான். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அதில் எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, ஒரு நாள் வராததற்குத் தண்டிக்கும் எண்ணிக்கை யாருக்காக? ஆளைத் தினமும் உள்ளே இழுக்க நினைக்கும் நிறுவனத்துக்காகத்தான் என்பது என் எண்ணம். நாங்கள் வார இலக்குக்கு மாறினோம். இடைவெளி விட்டு வருபவருக்கு முதல் பயிற்சி மூன்றே நிமிடம். அந்த அம்மா திரும்பி வந்தார்.

*

நான் இருப்பது மாடி வீடு. குதிக்கிற பயிற்சி என்றாலே கீழ்வீட்டுக்காரர் முகம்தான் நினைவுக்கு வரும். 2019இல் வந்த நிண்டெண்டோவின் ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற உடற்பயிற்சி வீடியோ கேமில், நின்ற இடத்தில் ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி நிமிரும் சத்தமில்லாத முறை ஒன்று உண்டு. பாராட்டுக் குரல், பரிசுப் புள்ளி எல்லாவற்றையும்விட அதுதான் என்னைத் தொடர வைத்தது. இது வீடு, ஜிம் இல்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். தொடை வலி தனிக் கதை.

*

எங்கள் குடும்பமே ஒரு செயலியில் சேர்ந்தது. தரவரிசையில் அப்பா எப்போதும் கடைசி. 70 வயதுக்காரரையும் கல்லூரிப் பையனையும் ஒரே பட்டியலில் போட்டால் வேறென்ன ஆகும்? அதை அணைத்துவிட்டு, வீடியோ அழைப்பில் எல்லாரும் சேர்ந்து செய்ய ஆரம்பித்தோம். அப்புறம் அவரே முதல் ஆளாக வந்து, "இன்னும் யாரும் வரலையா?" என்று கேட்கிறார். இப்போது அவருக்கு ஒரே குறை, கேமராதான். ஃபோனை எங்கே சாய்த்து வைப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று எதையும் சொல்லாமல், "உங்கள் உடல் முழுதாகத் தெரியவில்லை" என்று மட்டும் அந்தச் செயலி திரும்பத் திரும்பச் சொல்கிறது. இதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்.