போர்டில் நின்றால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எப்படிச் சரிசெய்வது?

மணல்கால்:
சர்ஃபிங் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரெகுலர், அதாவது இடது கால் முன்னால். போர்டு 7 அடி 6 அங்குலம். நுரை அலையைத் தாண்டி, உடையாத அலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஓடும் அளவுக்கு வந்துவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். போன வாரம் நண்பன் கரையிலிருந்து வீடியோ எடுத்துக் காட்டினான், மானம் போய்விட்டது. என் மனசுக்குள் நான் முழங்காலை மடக்கி, தாழ்வாக, ஸ்டைலாகப் போகிறேன். வீடியோவில் இருப்பவனோ அவசரத்துக்கு ஒதுங்கியவன் மாதிரி குந்தியிருக்கிறான். முழங்கால் ரெண்டும் ரெண்டு திசையில், உடம்பு இடுப்பிலேயே மடிந்து, பின்பக்கம் போர்டுக்கு வெளியே தொங்குகிறது. கைகள் ரெண்டும் மேலே, யாரோ துப்பாக்கி காட்டியது போல.

பார்க்க அசிங்கம் என்பதை விடுங்கள், திரும்பவே வரவில்லை. வலது பக்கம் போகும்போது பாட்டம் டர்னுக்கு (அலையின் அடியில் இறங்கிப் போடும் திருப்பம்) அலைப் பக்கம் சாய்ந்தால் போர்டு அதன் பாட்டுக்கு நேராகப் போகிறது, நான் மட்டும் தண்ணீரில். கேட்டால் "இன்னும் தாழ்ந்து நில்" என்கிறார்கள். இதற்கு மேல் எங்கே தாழ்வது?

கூஃபிக்கால்:
இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரும் நீங்கள் சொன்ன அதே ஒதுங்குகிற கதைதான், 'பூ ஸ்டான்ஸ்' என்பார்கள். நம் காதுக்கு என்னவோ மணமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் தாண்டி வந்ததுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாழ்வது வேறு, குனிவது வேறு. நீங்கள் குனிகிறீர்கள். இப்போதே எழுந்து, வெறுங்காலோடு தரையில், போர்டில் நிற்பது போல நில்லுங்கள். முழங்கால் ரெண்டையும் வெளிப்பக்கம் விரித்து, அப்படியே இடுப்பை முன்னால், போர்டின் மூக்குப் பக்கம் திருப்பிப் பாருங்கள். பூட்டுப் போட்டது போல நிற்கும். இடுப்பு திரும்பாததால் தோள் மட்டும் சாய்கிறது, நீங்கள் விழுகிறீர்கள். சரி, இப்போது பின்கால் முழங்காலை மட்டும் உள்ளே, முன்கால் முழங்காலைப் பார்த்து மடக்குங்கள். பின்பாதத்தின் எடை வெளி ஓரத்தை விட்டுப் பெருவிரல் பக்கம் வரும், குதிகால் லேசாக எழும்ப ஆசைப்படும். இப்போது இடுப்பைத் திருப்புங்கள், தானாக வரும், பின்பக்கமும் தானாக உள்ளே போய்விடும். நல்ல சர்ஃபர் யாரை வேண்டுமானாலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், 8 முறை உலகச் சாம்பியனான ஸ்டெஃபனி கில்மோர், 3 முறை ஜெயித்த டாம் கரன், யாராக இருந்தாலும் பின்முழங்கால் உள்ளே மடிந்திருக்கும்.

பாதத்தையும் பாருங்கள். போர்டின் நடுவில் நீளவாக்கில் ஓடுகிற கோட்டின் மேல் ரெண்டு பாதத்தின் நடுவளைவும் இருக்க வேண்டும். முன்பாதம் சுமார் 45 டிகிரி முன்னால் பார்க்கட்டும், பின்பாதம் கிட்டத்தட்ட குறுக்காக. ரெண்டும் முழுக்கக் குறுக்காக இருந்தால் இடுப்பு மறுபடியும் பூட்டிக்கொள்ளும். அப்புறம், உங்கள் போர்டு நீளமானது. நடுவில் நின்றுகொண்டு திருப்பினால் திரும்பாது, திருப்புவதற்கு முன் பின்காலை ஃபின் (போர்டின் வால் பக்கம் அடியில் இருக்கும் துடுப்பு) பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தியே ஆக வேண்டும்.

உப்புத்தாடி:
மேலே சொன்னது தப்பில்லை. ஆனால் என் கணக்கில் இது நிற்கும்போது வருகிற வியாதியே இல்லை, எழும்போது வருவது. பாப் அப்பில், அதாவது படுத்திருந்து துள்ளி எழும்போது, முன்கால் போதுமான தூரம் முன்னால் வராமல் குட்டையாக விழுந்தால் உடம்பு என்ன செய்யும்? எடை பின்னால் கிடக்கும், அதைச் சமாளிக்க நெஞ்சு முன்னால் குனியும், பின்பக்கம் வெளியே போகும். அந்த நிலையில் போய் "முழங்காலை உள்ளே விடு" என்றால் ஆள் விழத்தான் செய்வான். எனக்கு ரெண்டு வருடம் இப்படித்தான் வீணானது.

வீட்டில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். குப்புறப் படுத்து, கையை விலா எலும்புக்குப் பக்கத்தில் பதித்து (போர்டின் ஓரத்தைப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்), நெஞ்சைத் தூக்கி எழுந்து அப்படியே உறையுங்கள். திருத்தாதீர்கள். கீழே பாருங்கள், முன்பாதம் எங்கே? கைகள் இருந்த இடத்துக்கு நடுவில் வந்திருக்க வேண்டும். ஒரு ஜாண் பின்னால் இருக்கிறது என்றால் வியாதி அங்கேதான்.

அலைக்கிறுக்கன்:
கண் எங்கே இருக்கிறது ப்ரோ? பந்தயம் கட்டுகிறேன், போர்டின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தலை குனிந்தால் முதுகும் கூடவே குனியும். போகப்போகிற இடத்தைப் பாருங்கள், பின்கையையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிடாமல் போர்டுக்கு மேலேயே, முன்பக்கமாகக் கொண்டுவாருங்கள். தோள் பின்கையோடு போகும், இடுப்பு தோளோடு போகும்.

மணல்கால்:
மூன்று பேருக்கும் நன்றி. தரையில் செய்து பார்த்தேன். முழங்கால் விஷயம் நிஜமாகவே பூட்டுத் திறந்தது போல இருந்தது, அம்மா "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாக்பீஸ் கோட்டில் பத்துத் தடவை எழுந்ததில் எட்டுத் தடவை முன்கால் குட்டை, அதுவும் கட்டைவிரல் தரையில் உரசிக்கொண்டு வருகிறது. கண் விஷயத்தில் அலைக்கிறுக்கன் பந்தயம் ஜெயித்துவிட்டார்.

சந்தேகம் ஒன்று: தாழ்ந்து நின்றால் முன்கால் குதிகால் எழும்பிவிடுகிறது, கணுக்கால் மடங்கவில்லை. இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா? சர்ஃப்ஸ்கேட் (தரையில் சர்ஃபிங் மாதிரி ஓட்டும் ஸ்கேட்போர்டு) வாங்கினால் உதவுமா?

உப்புத்தாடி:
கால் உரசுகிறது என்றால் கை இன்னும் முழுசாக நீளும் முன்பே காலை இழுக்கிறீர்கள். நெஞ்சும் இடுப்பும் எழும்பிக் கீழே இடம் கிடைத்த பிறகுதான் கால் உள்ளே வர முடியும். கணுக்காலுக்கு, சுவர் பக்கம் பாதத்தை வைத்துக் குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி விட்டும் தொட முடிந்தால் கவலை இல்லை. முடியாவிட்டால் அதையே தினமும் ரெண்டு நிமிஷம் பயிற்சியாகச் செய்யுங்கள், மெல்ல இளகும்.

கூஃபிக்கால்:
சர்ஃப்ஸ்கேட் உதவும், ஆனால் அதற்கும் ஒரு குறும்பு உண்டு. முன்சக்கரம் அவ்வளவு இலகுவாகத் திரும்புவதால் தோளை ஆட்டியே ஓட்டிவிடலாம், இடுப்பும் முழங்காலும் வேலை செய்யாமலேயே "ஆஹா வந்துவிட்டது" என்று தோன்றும். அதனால் வேகம் வேண்டாம். லேசான சரிவில் ஒரே ஒரு திருப்பம்: மடங்கி இறங்கு, திரும்பு, முடியும் இடத்தில் நிமிர். ஹெல்மெட் போடாமல் ஏறாதீர்கள், தண்ணீர் மன்னிக்கும், தார் ரோடு மன்னிக்காது.

மணல்கால்:
முதலில் ஒரு மாதம் சாக்பீஸ்தான், ஸ்கேட் அப்புறம். சனிக்கிழமை சின்ன அலை வரும் போலிருக்கிறது, வீடியோ எடுத்துப் போடுகிறேன்.

அலைக்கிறுக்கன்:
நேர் எதிரிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள், முதுகு வளைவது தெரியாது. கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். விழுகிற காட்சியையும் வெட்டாமல் போடுங்கள் ப்ரோ.