ட்ரெய்னிங் பிளைட்ல கூட இருந்தவங்கள இழந்தவங்க, மனசுல நிக்கிறத எழுதுங்க

சர்க்யூட்22:
டிரெய்னி, இன்ஸ்ட்ரக்டர் ரெண்டு பேருமே போயிட்டாங்க. செஸ்னா 152 ட்ரெய்னிங் பிளேன், சர்க்யூட் (ரன்வேய சுத்தி வந்து இறங்கிப் பழகுறது) அடிச்சிட்டு இருந்தாங்க. நான் ஹோல்டிங் பாயிண்ட்ல நிக்கிறேன், அவங்க இறங்குனாதான் எனக்கு ரன்வே. "டர்னிங் ஃபைனல்"னு (ரன்வே நேருக்குக் கடைசியா திரும்புறோம்னு) அந்த டிரெய்னி குரல் ரேடியோல வந்துச்சு, பின்னாடியே லேசா ஸ்டால் ஹார்ன், ஸ்டால் ஆகப் போகுது, அதாவது றெக்கை தூக்குற சக்திய இழக்கப் போகுதுன்னு எச்சரிக்கிற அந்த பீப்பி சத்தம். அப்புறம் டவர் கால்சைன் சொல்லி கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க, பதிலே இல்ல, கடைசில என்னைய எஞ்சின் ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட ஹார்ன் பத்தி சொன்னேன். ஆனா நெஜமா கேட்டேனா, நடந்து முடிஞ்சப்புறம் மனசு சேத்துக்கிச்சான்னு இன்னும் புரியல.

மேகம்:
ஹெட்செட் மைக் பக்கத்துல இருக்க வாய மட்டும்தான் எடுக்கும் ப்ரோ, ஹார்ன் ரேடியோல கேக்க சான்ஸ் கம்மி. எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி, டேக் ஆஃப்ல எஞ்சின் நின்னு ரன்வேக்கே திரும்பப் பாத்து ஸ்டால் ஆயிட்டா. பறந்த நேரத்த எழுதி வைக்கிற அவ லாக்புக்க எங்கிட்ட குடுத்து ஹவர்ஸ கூட்டித் தரச் சொன்னாங்க. அடுத்த வரில அன்னைக்குள்ள எக்சர்சைஸ முன்னாடியே பென்சில்ல எழுதி வச்சிருந்தா, டைம் கட்டம் மட்டும் காலி. அத கூட்டுறதா வேணாமான்னு யார்கிட்ட கேக்குறது?

பழைய_இன்ஸ்ட்ரக்டர்:
எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தரும் இப்படித்தான் போனாரு, பேஸ்ல இருந்து (ரன்வேக்குக் குறுக்கா பறக்குற பகுதி) ஃபைனல் திரும்புறப்ப. அதனால இப்ப படிக்கிற பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரன்வே லைன தாண்டிப் போயிட்டா திரும்புற பக்கத்து ரட்டர் பெடல மிதிச்சு மூக்க இழுக்காதீங்க, ஸ்கிட் ஆகி (வால் வெளிப்பக்கமா வழுக்கி) உள்பக்க றெக்கை முதல்ல ஸ்டால் ஆகும், அப்படியே ஸ்பின், சுழன்டுக்கிட்டே கீழ விழும். 152 மேனுவல்லயே ஒரு சுத்து ஸ்பின்னும் ரெக்கவரியும் சேத்து சுமார் 1000 அடி போகும்னு போட்டிருக்கு, ஃபைனல் திரும்புறப்ப உங்ககிட்ட இருக்கறது 500 அடி சொச்சம். ஹைட் மாறாம 45 டிகிரி சாய்ச்சா ஸ்டால் ஸ்பீடு 19 சதவீதம் ஏறிடும், 60 டிகிரின்னா 41. லைன் தப்பிடுச்சா, றெக்கைய லெவல் பண்ணி பவர் குடுத்து கோ அரவுண்ட் போங்க, அதாவது இறங்காம மேல ஏறிடுங்க, திரும்ப வந்து இறங்கிக்கலாம். இன்ஸ்ட்ரக்டர் திட்டுவாருன்னு நெனச்சு வளைக்காதீங்க. இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் சேத்துதான் சொல்றேன், "ஐ ஹேவ் கண்ட்ரோல்"னு சொல்லி பிளேன உங்க கைக்கு எடுக்க ஒரு செகண்ட் கூட யோசிக்கக் கூடாது.

ஹேங்கர்_ஆள்:
சார், இங்க யாரும் பாடம் கேக்கல. எடுத்த எடுப்புல பைலட் தப்புன்னு ஆரம்பிக்கிறது எனக்குப் பிடிக்கல. நான் மெக்கானிக், காலைல நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின ஏர்கிராஃப்ட் ஒண்ணு திரும்பி வரல. மத்தியானமே விசாரணைக்கு வந்தவங்க டெக் லாக் (ரிப்பேர், செக்கிங் பதிவு) எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஃப்யூவல் பவுசர்ல இருந்து (பெட்ரோல் நிரப்புற லாரி) சாம்பிள் புடிச்சு சீல் வெச்சாங்க. அவங்கள்ல ஒருத்தர் அந்த பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு தண்ணி இருக்கான்னு பாத்தாரு பாருங்க, நான் மூச்சே விடல. கிளீனா இருந்துச்சு. ஆனாலும் முடிவு வர்ற வரைக்கும் கேன்டீன்ல எம்பக்கத்துல யாரும் உக்காரல. விமானப் போக்குவரத்துக்கான சர்வதேச சிகாகோ ஒப்பந்தத்தோட அனெக்ஸ் 13லயே (விபத்து விசாரணை பத்தின இணைப்பு) எழுதியிருக்கு, விசாரணை அடுத்தது நடக்காம தடுக்கத்தான், யார் மேலயும் பழி போட இல்லன்னு. படிச்சவங்களே அத மறந்துடறாங்க.

சர்க்யூட் தம்பி, 152ல அந்த ஹார்னுக்கு கரண்டே கெடையாது, றெக்கை முன்னாடி இருக்க ஓட்டை வழியா காத்த இழுத்து கத்துறது. ஓட்டைல துணிய வச்சு வாயால உறிஞ்சித்தான் செக் பண்ணுவோம். ஸ்டாலுக்கு 5-10 நாட் முன்னாடியே கத்த ஆரம்பிச்சிடும், சாதாரண லேண்டிங்லயே கேக்கும், அதனால நீங்க கேட்டிருந்தாலும் அது மட்டுமே காரணத்த சொல்லிடாது. நெஜமா இல்லையான்னு நீங்க முடிவு பண்ண வேண்டியதும் இல்ல, டவர்ல ரேடியோ ரெக்கார்டிங் இருக்கும், அவங்க போட்டுக் கேட்டிருப்பாங்க. ரிப்போர்ட் வந்துடுச்சா? வந்திருந்தா தனியா உக்காந்து படிக்காதீங்க, பேட்ச்ல யாரையாவது கூட வச்சுக்கங்க.