ஒருமுறைப் பைகளா, எஃகுக் கலன்களா? உயிரிமருந்து ஆலை குறித்து ஓர் ஐயம்

புதியபொறியாளர்:
வணக்கம். வேதிப் பொறியியல் முடித்து, மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற புரத மருந்தை, உயிருள்ள செல்களை வளர்த்துத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும், செல்களை வளர்த்த 2000 லிட்டர் பிளாஸ்டிக் பையைக் குழாய்களோடு கழற்றி எரிப்பதற்கு அனுப்பிவிடுகிறார்கள். எஃகுக் கலன் பல ஆண்டுகள் உழைக்கும் என்றிருக்க, இது எப்படிக் கட்டுபடியாகிறது? பிளாஸ்டிக்கிலிருந்து எதுவும் மருந்தில் இறங்காதா?

கலன்காப்பாளர்:
எஃகுக் கலனை வாங்குவதைவிட அதைக் கழுவிக் காட்டுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு பேட்சுக்குப் பின்னும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் ஊசிமருந்துத் தரத் தண்ணீரையும் ஓட்டி, 121 டிகிரிக்குக் குறையாத நீராவியால் கிருமி நீக்க வேண்டும். முந்தைய மருந்தின் எச்சம் எந்த வால்விலும் தங்கவில்லை என்பதையும் ஆவணங்களோடு நிறுவ வேண்டும். பையோ காமாக் கதிரால் கிருமி நீக்கப்பட்டே வந்து சேர்கிறது. புதிய பையை மாட்டினால் அடுத்த மருந்தைத் தொடங்கலாம் என்பதால், பல மருந்துகளைச் சிறு அளவில் தயாரிக்கும் ஆலைக்கு இது வரப்பிரசாதம். 1990களின் பிற்பகுதியில் விஜய் சிங் உருவாக்கிய, ஆடும் தட்டின் மேல் வைத்த பையிலிருந்து வளர்ந்த முறை இது. ஆனால், ஒரே மருந்தை ஆண்டு முழுவதும் பெருமளவில் தயாரிப்பவர்கள் 10,000 லிட்டருக்கு மேற்பட்ட எஃகுக் கலன்களை இன்னும் கைவிடவில்லை. அவர்கள் கணக்கும் சரிதான்.

பகுப்பாய்வாளர்:
இரண்டாவது கேள்விக்கு விடை: இறங்கும். பையின் பாலிஎத்திலீன் படலம் கெட்டுப்போகாமல் இருக்க இர்காஃபாஸ் 168 என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்ப்பார்கள். அது சிதைவதால் உண்டாகும் ஒரு பாஸ்பேட் சேர்மம், மிகக் குறைந்த செறிவிலேயே இத்தகைய மருந்துகளைத் தயாரிக்கப் பெரிதும் பயன்படும் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது என்று ஆம்ஜென் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். கிருமி நீக்கும் அதே காமாக் கதிர்தான் இந்தச் சிதைவுக்கும் துணைபோகிறது. ஆகவே, பை தருபவரின் சான்றிதழை மட்டும் நம்பியிராமல், உங்கள் செல்களை உங்கள் வளர்ப்பு ஊடகத்தில் (செல்களுக்கு உணவாகும் கரைசலில்) அந்தப் படலத்தோடு சேர்த்து வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொள்முதல்மேசை:
என் கவலை வேறு. எஃகுக் கலன் வைத்திருப்பவர் காஸ்டிக் சோடாவை யாரிடமும் வாங்கிக்கொள்வார். பை வைத்திருப்பவரின் குடுமி ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒருவர் தயாரிக்கும் பை பெரும்பாலும் மற்றவரின் தாங்கியில் பொருந்தாது. பொருந்தினாலும் தகுதி ஆய்வுகளை மீண்டும் செய்தாக வேண்டும். 2021இல் அமெரிக்காவிலிருந்து பைகளும் ஃபில்டர்களும் வருவது தடைப்பட்டபோது, தடுப்பூசி தயாரிக்கும் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தலைமைச் செயல் அதிகாரி அடார் பூனாவாலா அந்நாட்டு அதிபருக்கு ட்விட்டரிலேயே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம். படலத்தின் மூலப்பொருளை மாற்றினால் எத்தனை மாதங்களுக்கு முன்பே தெரிவிப்பார்கள் என்பதையும், கையிருப்பாக எத்தனை பேட்சுக்கான பைகளை வைப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலைப் பேரம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.