48 வயதில் ஒட்டிப்போன கன்னங்கள்: ஃபில்லரா, கொழுப்பு ஊசியா, வேறு வழி உண்டா?

மயூர் விஹார் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எடையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலேயே, கடந்த சில ஆண்டுகளில் என் கன்னங்கள் ஒட்டிப்போய்விட்டன. கன்ன எலும்புக்குக் கீழே இரு பக்கமும் குழி விழுந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே தொடங்கி மூக்கோரமாக ஒரு பள்ளம் இறங்குகிறது. தலைக்கு மேல் விளக்கு இருக்கும் இடத்தில் யாராவது படம் எடுத்தால் அந்தப் பள்ளம் கறுப்பாகவே பதிகிறது. மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "உடம்புக்கு என்னம்மா, இப்படி இளைத்துவிட்டாயே" என்று அக்கறையோடு கேட்கிறார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை.

இருபது வயதுப் பெண்ணின் முகம் எனக்கு வேண்டாம். நோயாளியைப் போலத் தெரியாமல் இருந்தால் போதும். தெற்கு தில்லியில் ஒரு கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். பரிசோதனை என்று எதுவும் செய்யாமல், பள்ளத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் ஃபில்லர் என்ற பொருள் நான்கு சிரிஞ்ச் வேண்டும் என்றும், இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஃபில்லர் எவ்வளவு காலம் நிற்கும், அதில் என்ன ஆபத்து, சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்புவது அதைவிட நல்லதா, முகப் பயிற்சியால் பயன் உண்டா என்பதை அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

துவாரகா தோல் மருத்துவர்:

வணக்கம் சகோதரி. நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் சிகிச்சை என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு மருத்துவரின் முன் உட்காரும்போது நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முகத்தின் கொழுப்பு ஒரே படலமாகப் பரவியிருப்பதில்லை. அது தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதை ரோரிச், பெஸ்ஸா என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். வயது ஏறும்போது இந்த அறைகள் எல்லாம் ஒரே அளவில் வற்றுவதில்லை. கன்னத்தின் ஆழத்தில் எலும்பை ஒட்டி இருக்கும் கொழுப்பு குறையும்போது, அதன் மேல் இருக்கும் பகுதி தாங்கலை இழந்து சரிகிறது. கூடவே மேல்தாடை எலும்பு சற்றே பின்வாங்குகிறது, கண்குழியின் விளிம்பும் அகலுகிறது. எடை இயந்திரம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, முகம் மட்டும் மெலிவதற்கு இதுதான் காரணம். இழப்பு ஆழத்தில் நடந்திருப்பதால், மேலே பூசும் எந்தக் களிம்பும் அந்தக் குழியை நிரப்பாது.

ஊசிக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் சர்க்கரை கட்டுப்பாட்டை மீறினாலும் முகம் வற்றும்; அதைச் சரிசெய்யாமல் கன்னத்தை மட்டும் நிரப்புவது நோயை மூடி மறைப்பதாகும். 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டிர்செபடைட் போன்ற ஊசிகளால் வேகமாக எடை குறைகிறவர்களுக்கும் கன்னம் ஒட்டுகிறது. அவர்கள் எடை ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தால், முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஹயலூரானிக் அமில ஃபில்லர் என்பது என் கருத்து. நம் தோலிலேயே இருக்கும் பொருளைக் கெட்டியான ஜெல்லாக்கித் தருகிறார்கள். கன்னத்துக்கென்றே உருவாக்கிய ஜுவெடெர்ம் வொலூமா என்ற வகைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் ஒப்புதல் அளித்தது. வகையையும் உடல்வாகையும் பொறுத்து ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை நிற்கும். நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி இதைக் கரைத்துவிட முடியும் என்பதே. பாலி-எல்-லாக்டிக் அமிலம் வேறு விதமானது. அது தானாக இடத்தை நிரப்பாமல், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உருவாக்க உங்கள் உடலையே தூண்டுகிறது. பலன் சில மாதங்களில் மெல்லத் தெரியும், பல அமர்வுகள் தேவைப்படும். எச்ஐவி மருந்துகளால் கன்னம் வற்றியவர்களுக்காக 2004இல் அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்றது அதுதான். நல்ல பொருள், ஆனால் கட்டி தட்டினால் அதைக் கரைக்க மருந்து இல்லை. கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் என்ற இன்னொரு வகை ஃபில்லருக்கும் அதே குறை உண்டு.

நான்கு சிரிஞ்ச் என்று சொன்னதைப் பற்றி: ஒரு சிரிஞ்ச் என்பது பெரும்பாலும் 1 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே நான்கு என்ற எண்ணிக்கை தன்னளவில் அநியாயம் இல்லை. முகத்தைத் தொட்டுப் பார்க்காமலே அதைச் சொன்னதும், ஒரே நாளில் ஏற்ற நினைத்ததும்தான் தவறு. பக்கத்துக்கு ஒன்று போட்டுவிட்டு, வீக்கம் வடிந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆபத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஜெல் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாது. தோல் சட்டென்று வெளுக்கும், வலைபோலத் திட்டுத் திட்டாக நிறம் மாறும், கடுமையாக வலிக்கும். கண்ணுக்குப் போகும் தமனியை அது அடைத்தால் பார்வை போய்விடும். அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே எந்த மருத்துவரிடம் போனாலும், ஹயலூரானிடேஸ் இங்கே கைவசம் இருக்கிறதா, இரவில் எனக்கு வலி வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பதில் சொல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். அழகு நிலையங்களில் மலிவாகப் போடும் சிலிக்கான் திரவத்தின் பக்கமே போகாதீர்கள்.

ரோஹிணி தோழி:

எனக்கு வயது 53. சென்ற ஆண்டு ஹயலூரானிக் ஃபில்லர் போட்டுக்கொண்டேன். நான் போன மருத்துவர் என்னைப் படுக்க வைக்காமல், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் குறி போட்டார். படுத்தால் கன்னம் காதுப் பக்கம் சரிந்து, குழியே தெரியாமல் போய்விடும் என்றார். சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைப் பென்சிலால் வரைந்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியே கேனுலா என்ற முனை மழுங்கிய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். மரப்பு மருந்து ஜெல்லிலேயே கலந்திருப்பதால் வலி அதிகம் இல்லை. உள்ளே ஏதோ உரசிக்கொண்டு நகர்வது மட்டும் நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் செலுத்துவார், நிறுத்துவார், கட்டைவிரலால் தோலை அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் அடுத்த சொட்டு. அந்தப் பொறுமை இல்லாதவரிடம் முகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

குழிக்குள் நேராகக் கொட்டாமல், பெரும்பகுதியைக் கன்ன எலும்பின் மேல்தான் வைத்தார். மேலே தாங்கல் வந்ததும் கீழே இருந்த பள்ளம் தானாகவே தணிந்தது. நீலம் பாரித்தது மறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டில் கல்யாணம் இருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே செய்துகொள்ளுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஆஸ்பிரின் எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, அதில் இருக்கும் தொகுதி எண் சீட்டை உங்கள் கோப்பில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கேளுங்கள். அழகுக்காகச் செய்வதை மெடிக்ளெய்ம் ஏற்காது.

ஆர்.கே.புரம், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்:

அம்மா, கடைவாய்ப் பற்களில் எவையேனும் இல்லாமல் இருக்கின்றனவா? இதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கன்னத்தின் கீழ்ப்பாதி பற்களின் மேலும் அவற்றைத் தாங்கும் எலும்பின் மேலும்தான் சாய்ந்திருக்கிறது. பல்லைப் பிடுங்கியபின் அந்த எலும்புக்கு வேலை இல்லாமல் போவதால், அது முதல் ஓர் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கரைகிறது, கன்னமும் உள்வாங்குகிறது. அங்கே எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்டோ, சரியான பல்செட்டோ வைத்தால் கீழ்க்கன்னத்துக்குத் தாங்கல் திரும்பும், மென்று சாப்பிடவும் முடியும். பல் இல்லாத இடத்தை ஜெல்லால் ஈடுகட்டப் பார்த்தால், தேவைக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், முகமும் உப்பலாகத் தெரியும்.

மயூர் விஹார் வாசகி:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்டது முற்றிலும் பொருந்துகிறது. மேல் கடைவாய்ப் பற்களை இரண்டு பக்கமும் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். வெளியே தெரியாத பல் என்பதால் மாற்று வைக்கவில்லை. குழியும் அதே இடத்தில்தான் ஆழமாக இருக்கிறது. கொழுப்பு ஊசியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

லட்சுமிபாய் நகர் செவிலியர்:

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். சொந்தக் கொழுப்பை முகத்தில் வைப்பது புதிது அல்ல. 1893இலேயே ஜெர்மனியில் நாய்பர் என்ற அறுவை மருத்துவர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தழும்பின் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார். இன்று வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ மெல்லிய குழாயால் உறிஞ்சி, சுத்தம் செய்து, கன்னத்தில் சிறு சிறு இழைகளாகப் பல அடுக்குகளில் வைக்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும் கொழுப்பு நெடுங்காலம் நிற்கும் என்பது பெரிய ஆதாயம். ஆனால் வைத்ததில் எவ்வளவு பிழைக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். முதல் சில வாரங்கள் முகம் நன்றாக வீங்கியிருக்கும், அலுவலகத்துக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். பின்னாளில் எடை கூடினால் கன்னத்தில் வைத்த கொழுப்பும் சேர்ந்து பெருக்கும். கரைக்க ஊசி கிடையாது. முகம் முழுக்க வற்றியவர்களுக்கு இது பொருத்தம். உங்களைப் போல இரண்டு இடங்களில் மட்டும் பள்ளம் உள்ளவர்களுக்கு முதல் படியாக இதை நான் சொல்ல மாட்டேன்.

வாய்க்குள் கீறி, எலும்பின் மேல் சிலிக்கான் துண்டு வைக்கும் அறுவையும் உண்டு. நிலையானதுதான், ஆனால் தொற்று வந்தாலோ இடம் நகர்ந்தாலோ மறுபடி திறக்க வேண்டும். முகத்தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை தொங்கலைத் தூக்கும், குழியை நிரப்பாது.

பயிற்சியைப் பொறுத்தவரை, 2018இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 40 முதல் 65 வயதுவரை உள்ள பெண்கள் முதல் 8 வாரம் நாள்தோறும் அரை மணி நேரமும், பிறகு 20ஆம் வாரம்வரை ஒருநாள் விட்டு ஒருநாளும் செய்தார்கள். கன்னத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சற்று நிறைந்ததாகப் படங்களைப் பார்த்த மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் கடைசிவரை நின்றவர்கள் 16 பேர்தான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. செலவில்லாத வழி என்பதால் செய்து பார்க்கலாம். பல் போன இடத்தின் குழியை அது நிரப்பும் என்று மட்டும் நம்ப வேண்டாம். தனியார் கிளினிக்கின் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால், எய்ம்ஸ், சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் ஒரு கருத்துக் கேட்டுவிடுங்கள். வரிசை நீளம்தான், ஆனால் அங்கே யாரும் தள்ளுபடி சொல்லி அவசரப்படுத்த மாட்டார்கள்.

துவாரகா தோல் மருத்துவர்:

பல் மருத்துவர் ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். சகோதரி, இரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டு, முதலில் பல் வேலையைத் தொடங்குங்கள். அது நடந்துகொண்டிருக்கும்போது ஃபில்லர் வேண்டாம்; வாயிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து ஜெல்லைச் சென்றடைய வாய்ப்பு இருப்பதால், பல் சிகிச்சைக்கும் ஃபில்லருக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி இருக்க வேண்டும். இம்பிளான்ட் என்றால் எலும்போடு பிடிக்கவே சில மாதங்கள் ஆகும். இப்போதே நேராகவும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல் வைத்து முடிந்ததும் அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், கண்ணுக்குக் கீழே இறங்கும் பள்ளத்துக்கு மட்டும் ஜெல் போதுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த இடத்துக்குக் கன்னத்தில் போடும் கெட்டியான வகையை அப்படியே போடக் கூடாது, மென்மையான வகைதான் வேண்டும் என்பதையும் நீங்கள் போகும் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.