பெரிய வீடு குழு: கோலம் ஏன் தள்ளி விழுகிறது?

அருண்: (போட்டோ) பெரியப்பா, சித்ரா அக்கா கல்யாணத் தாம்பூலப் பையில் போட மரக் கோஸ்டரில் (டம்ளர் வைக்கும் சிறு பலகை) சிஎன்சி மிஷினால் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி செதுக்கும் மிஷின்) கோலம் செதுக்குகிறேன். முதல் பலகையில் நடுவில் வந்தது. கரண்ட் போய் வந்த பிறகு செதுக்கியதெல்லாம் தள்ளி நிற்கிறது.

அம்மா: நன்றாகத்தானே இருக்கிறது?

சித்ரா அக்கா: இல்லை சித்தி, இடது ஓரம் அகலமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் தெரியும்.

பெரியப்பா: ஜீரோ, அதாவது மிஷின் அளக்கத் தொடங்கும் புள்ளி, அதை எப்படி எடுக்கிறாய்?

அருண்: பலகையை டேப் போட்டு ஒட்டி, செதுக்கும் பிட்டின் நுனியை மூலைக்கு நேராகக் கண்ணால் பார்த்து நிறுத்துவேன். ஒவ்வொரு பலகைக்கும்.

பெரியப்பா: அதை விட்டுவிடு. கண் அளவில் எடுத்தால் தடவைக்குத் தடவை மாறத்தான் செய்யும். ஜீரோ மிஷினோடு இருக்க வேண்டும், ஜாப்தான் (செதுக்கும் பொருள்) அதனிடம் வந்து உட்கார வேண்டும். டூல்ரூமில் நாங்கள் ஒரே மாதிரி ஜாப் ஓட்டும்போது வைஸில் (ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஸ்டாப்பர் போட்டுவிடுவோம். மிஷின் ஓரத்துக்கு வந்து தொட்டதும் தெரிவிக்கும் லிமிட் சுவிட்ச் இருக்கிறதா?

அருண்: 3018 என்ற சின்ன மாடல் மிஷின். எக்ஸ், ஒய், இசட் மூன்று அச்சிலும் மாட்டியிருக்கிறேன், ஆனால் ஹோமிங் (மிஷின் தானே சுவிட்ச் வரை போய்த் தன் இடத்தை அறிவது) ஆன் செய்யவில்லை.

விக்கி அண்ணா: மிஷினை ஓட்டும் சாஃப்ட்வேர் ஜிஆர்பிஎல்தானே? அதன் செட்டிங்கில் $22=1 என்று போடு. இனி மிஷினை ஆன் செய்ததும் முதல் வேலை ஹோமிங். முதலில் இசட் மேலே போகும், அப்புறம் எக்ஸும் ஒய்யும். கரண்ட் போனால் மிஷினுக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது, சுவிட்சைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்கும்.

அருண்: அப்புறம் ஜீரோ?

விக்கி அண்ணா: ஜி54-இல், அதாவது ஜீரோவைச் சேமித்து வைக்கும் இடத்தில், எழுது. பிட்டை ஜீரோ இடத்தில் நிறுத்தி ‘ஜி10 எல்20 பி1 எக்ஸ்0 ஒய்0’. இது போர்டின் நினைவில் பதிந்துவிடும், ஆஃப் செய்தாலும் போகாது. ஜீரோ வைக்கும் இன்னொரு கட்டளையான ஜி92-ஐப் பயன்படுத்தாதே, ரீசெட் செய்தாலே அழிந்துவிடும்.

பெரியப்பா: இப்போது பலகைக்கு வருவோம். அடிப்பலகையில் மூன்று பின் நட வேண்டும். ஒரு பக்கம் இரண்டு, அதற்குக் குறுக்கே ஒன்று. துளையை நீ ட்ரில்லரால் போடாதே, ஹோமிங் முடித்து அதே ஜி54-இல் மிஷினே போடட்டும். கோஸ்டர் என்ன சைஸ்?

அருண்: 100க்கு 100 மில்லி.

பெரியப்பா: சரி. 6 மில்லி பின் என்றால் துளை மையங்கள் எக்ஸ் 20, ஒய் -3. எக்ஸ் 80, ஒய் -3. எக்ஸ் -3, ஒய் 20. பின்னின் பாதி 3 மில்லி. அதனால் பலகையை மூன்றிலும் ஒட்டித் தள்ளினால் அதன் ஓரங்கள் ஜீரோ கோட்டிலேயே வந்து நிற்கும். மூலையில் பின் வேண்டாம். அங்கே மரத்தூள் சேர்ந்தால் பலகை சரியாக உட்காராது. ஒவ்வொரு பலகையையும் வைக்கும் முன் பின்னைத் துடைத்துவிட வேண்டும். பின்னில் சேரும் ஓரங்களில் பென்சிலால் குறி போடு, பலகையைத் திரும்ப எடுத்து வைத்தாலும் அதே ஓரம்தான் சேர வேண்டும்.

சித்ரா அக்கா: அப்பா, என் கல்யாணத்துக்கு இவ்வளவு கணக்கா! அருண், நன்றாக வரும்.

அருண்: பிட் மாற்றினால்?

பெரியப்பா: எக்ஸ், ஒய் மாறாது. இசட் மட்டும் புதிதாக எடுக்க வேண்டும், ஒவ்வொரு பிட்டும் சக்கில் வேறு நீளத்தில் நிற்கும்.

விக்கி அண்ணா: அதற்கு டச் பிளேட் (பிட் தொட்டதும் மிஷினுக்குத் தெரிவிக்கும் உலோகத் தகடு) வைத்துக்கொள். பிட்டில் கிளிப் மாட்டி ஜி38.2 கட்டளை கொடுத்தால் மெதுவாக இறங்கித் தொட்டதும் நிற்கும். பிளேட்டின் கனத்தைக் கழிக்க வேண்டும், அதை மைக்ரோமீட்டரில் அளந்து கொள். இன்னொன்று, லிமிட் சுவிட்ச் வயரை ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வயரோடு சேர்த்துக் கட்டாதே. மின் இரைச்சல் ஏறினால் தொடாமலே தொட்டதாகக் காட்டும்.

பெரியப்பா: பின் நடும் முன் சுவிட்ச் நம்பகமா என்று பார்க்க வேண்டும். மிஷின் பெட்டில் டயல் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து, திரும்பத் திரும்ப ஹோமிங் கொடுத்து, முள் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார். அலைந்தால் சுவிட்ச் பிடிப்பை இறுக்கு. என் டயலும் 6 மில்லி டோவல் பின்னும் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். அதுவரை அடிப்பலகையில் துளை போடாதே.