அசையாப் படம் ஊடாடினால் என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். கேரளத்தில் உள்ள எங்கள் தமிழ்வழிப் பள்ளிக்காக இதயப் பாடத்தின் படத்தைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். புத்தகத்தில் நான்கு அறைகளும் அம்புக்குறிகளுமாகக் கிடந்த படத்தில் இப்போது கீழறையைத் தொட்டால் அது சுருங்கும். மேலறைக்குப் போகும் வால்வு மூடிக்கொள்ளும். நேற்று வலக் கீழறையைத் தொடச் சொன்னபோது ஒரு மாணவி படத்தின் வலப்புறத்தைத் தொட்டாள். "இது இடது" என்றது படம். பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் இருப்பதே உடலின் வலப்புறம் என்பது, அதே படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலருக்கும் அப்போதுதான் உறைத்தது. தொட்டால் மறுமொழி தரும் இவ்வகைப் படத்தை (interactive) மலையாளத்தில் 'சம்வேதனாத்மகம்' என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் காதில் அதில் வேதனைதான் விழுகிறது. திங்கட்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். என்ன சொல் இடலாம்?

செங்கோட்டைத் தமிழாசிரியர் (ஓய்வு):
'ஊடாடுபடம்' என்க. ஊடாடுதல் என்றால் நடுவே திரிதல், கலந்து பழகுதல். நெசவில் ஊடும் பாவும் என்கிறோமே, பாவின் நடுவே ஓடும் அந்த இழைதான் 'ஊடு'. இங்கே மாணவரின் விரல் அப்படி ஓடுகிறது. குறளின் 133ஆம் அதிகாரமாகிய ஊடலுவகையும் இவ்வேரினதே என்பது என் துணிபு: பிணங்குவதும் ஒருவகை மறுமொழிதானே.

தேவிகுளம் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இதயப் பாடத்துக்குள் ஊடலைக் கொண்டுவந்தால் வகுப்பு அடங்காது. அந்த வேரையும் நான் ஏற்கவில்லை. 'இடைவினைப் படம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள்; வேதிவினை படிக்கும் பிள்ளை அதை இடையில் நிகழும் வேதிவினை என்றே கொள்ளும். அகராதியைப் புரட்டாமல் விளங்குவது 'தொட்டறிபடம்'.

ஆசிரியை:
எங்கள் ஆய்வகத்தில் தொடுதிரை ஒன்றுதான். மற்றவற்றில் சுட்டியைத்தான் சொடுக்குகிறார்கள். அங்கே தொடுதல் ஏது? தானாக ஓடும் அசைவூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவதால் ஊடாடுபடத்தையே எடுத்துக்கொள்கிறேன். தனிமடல் எழுதிய நால்வரும் அலுத்துப்போய் அதற்கே இசைந்தார்கள். கோப்பு இணைப்பில் உள்ளது.

மொழிபெயர்ப்பாளர்:
என் மறுப்பு நிற்கிறது. தலைப்பில் ஊடாடட்டும், படத்தின் கீழே குறிப்பாகவாவது "தொட்டோ சொடுக்கியோ பாருங்கள்" என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
கோப்பைத் திறந்தேன். 'ஊடாடுப்படம்' என்றிருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தொடுதிரையைத் 'தொடுத்திரை' என்று எழுதுவோமா? ஒப்படைக்குமுன் அந்த 'ப்'பை எடுத்துவிடுங்கள், அம்மா.