ஸ்பிட்டி வளையம், கிளாசிக் 350, ரெண்டு பேர்: எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

பின்சீட்டுக்காரி:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ஜூலை நடுவில் ஹிமாச்சலில் இருக்கிற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகலாம்னு இருக்கோம். வண்டி ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, 2022 மாடல். ஓட்டுறது அவர் மட்டும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து 135 கிலோ, சாமான் 25 கிலோ. வண்டியை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பிட்டு, மணாலி – குன்சும் கணவாய் – காசா – கல்பா – சிம்லான்னு சுற்றி வர திட்டம். முதல் ராத்திரியே சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரத்தில் தங்க ஆசை. இந்த வண்டி தாங்குமா? பெட்ரோல் கேன் வேணுமா? பின்னாடி உட்கார்றவங்க எதில் கவனமா இருக்கணும்?

ரெண்டாவது_கியர்:
முதல்ல திசையை மாத்துங்க மேடம். மத்ததெல்லாம் அப்புறம்.

மணாலி 2,050 மீட்டர். சந்திரதால் சுமார் 4,250. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே தூங்குவது உடம்பைச் சோதிக்கிற வேலை. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்குகிற உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதுதான் பொது விதி. சிம்லா பக்கமிருந்து போனால் பாதையே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்: நார்கண்டா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, காசா சுமார் 3,700. காசாவில் இரண்டு ராத்திரி தங்கி, பகலில் பக்கத்து ஊர்களான கீ, லாங்சா, கோமிக் என்று 4,500 வரை ஏறி இறங்கிவிட்டால் குன்சும் (சுமார் 4,550) பயமில்லை.

சந்திரதாலில் இன்னொரு சிக்கல். ராத்திரி மூச்சுத் திணறினால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள்? காசா போக குன்சும் ஏறியாக வேண்டும். மணாலி போக பாதல், சத்ரு என்ற இடங்கள் வழியே கல்பாதை. அதனால் அது கடைசி ராத்திரியாக இருக்கட்டும், முதல் ராத்திரியாக வேண்டாம்.

ஜூலையும் சரியில்லை. ஸ்பிட்டியில் மழை குறைவுதான், ஆனால் அங்கே போகிற கின்னௌர் வழியில் பருவமழை, நிலச்சரிவு. நாக்கோவுக்குப் பக்கத்தில் மல்லிங் நாலா என்ற ஓடைப் பகுதி சரிந்தால் பாதி நாள் போய்விடும். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பின் போங்கள். ஓடைகளில் தண்ணீர் வற்றியிருக்கும். குளிர் மட்டும் அதிகம்.

பெட்ரோல் கேன் தேவையில்லை. டேங்க் 13 லிட்டர், மலையில் இரண்டு பேரோடு லிட்டருக்கு 28 கிமீ என்று வைத்தாலும் 350 கிமீ வரும். கல்பாவை ஒட்டிய ரெக்காங் பியோ ஊருக்குக் கீழே சட்லஜ் கரையில் பொவாரி பங்க், அடுத்தது சுமார் 200 கிமீ தள்ளி காசா, அங்கிருந்து மணாலி இன்னொரு 200. காசா பங்கில் சில நாள் சரக்கு தீர்ந்துவிடும். போய்ச் சேர்ந்த அன்றே நிரப்புங்கள், கிளம்புகிற காலையில் என்று தள்ளிப் போடாதீர்கள்.

செயின்லூப்:
வண்டி தாங்கும். ஆனா 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருக்கிறதில் 57 சதவீதம்தான். 20 பிஎச்பி இன்ஜின் 12 பக்கம் வந்துடும். ஊசிவளைவில் முதல் கியர், ஏற்றத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது. அரை கிளட்ச்சில் இழுத்துக்கிட்டே போனா பிளேட் கருகும். வாசனை வந்தா நிறுத்தி ஆறவிடுங்க. மண்ணு லூசா இருக்கிற வளைவில் பின்னாடி இருக்கறவங்க இறங்கி நடக்கறதுதான் மலிவான ரிப்பேர்.

பின் ஷாக்குக்கு ஆறு படி ப்ரீலோட் (ஸ்பிரிங் இறுக்கம்) இருக்கு. ரெண்டு பேர் ப்ளஸ் சாமான்னா அஞ்சு அல்லது ஆறு, ரெண்டு பக்கமும் ஒரே படி. தரை இடைவெளி 170 மிமீதான், ஷாக் தாழ்ந்தா அடியில் கல் மோதும். செயின் தொய்வை ரெண்டு பேரும் உட்கார்ந்தபின் ஒரு தடவை பாருங்க, அப்பவும் கொஞ்சம் ஆட்டம் இருக்கணும்.

டாப் பாக்ஸ் வேண்டாம். பின் ஆக்சிலுக்குப் பின்னாடி எடை ஏறினா முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும், கேரியர் வெல்டிங்கும் விடும். கனமானது சேடில் பேக்கில், கீழே, முன்னாடி தள்ளி. 25 கிலோவை 18 ஆக்கப் பாருங்க.

ஸ்போக் வீல்னா டியூப் டயர். ரெண்டு பேர் ஏறின வண்டியில் காத்தைக் குறைச்சா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். பின்சீட்டில் ஆள் இருந்தா கம்பெனி சொல்ற அளவிலேயே வைங்க, ரொம்ப வழுக்கினா 2–3 பிஎஸ்ஐ குறைக்கலாம், அவ்வளவுதான். மேலே ஏற ஏற வெளிக்காற்று குறையறதால கேஜ் கூடுதலாக் காட்டும், குளிர் அதைக் கீழே இழுக்கும். காசாவில் காலையில் டயர் சில்லுனு இருக்கும்போது அளந்து சரிபண்ணுங்க.

எடுத்துப் போக வேண்டியது: முன், பின் டியூப் ஒவ்வொண்ணு, டயர் லீவர், பம்ப், ரெண்டு ஆக்சில் நட்டுக்கும் ஸ்பேனர் (வீட்டில் ஒரு தடவை சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துடுங்க), கிளட்ச், பிரேக் லீவர், செயின் லாக் (அறுந்த செயினை இணைக்கிற கண்ணி), ஃபியூஸ், எம்-சீல் (ஓட்டை அடைக்கிற பசை). கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிளைப் பையில் போடாம, ஓடுற கேபிளோடயே சேர்த்துக் கட்டி வைங்க. அறுந்தா முனையை மாத்தினா போதும்.

ரயில் பார்சலுக்கு பெட்ரோலை முழுசா வடிச்சிருக்கணும், ஆர்சி நகல் வேணும்.

கல்பா_ஆப்பிள்:
சிஸ்டர், பின்சீட் விஷயம் நான் சொல்றேன்.

பிரேக் பிடிக்கும்போது அவர் முதுகில் சாயாம ஒரு கையை டேங்கில் ஊன்றிக்கோங்க, ஏற்றத்தில் அவர் இடுப்பைப் பிடிங்க. குழி தெரிஞ்சதும் ஃபுட்ரெஸ்டில் எடையைப் போட்டு சீட்டிலிருந்து ரெண்டு விரல்கடை எழும்பினா முதுகு தப்பிக்கும். வளைவில் அவர் சாயற பக்கம் சும்மா கூட வந்தா போதும், எதிர்ப் பக்கம் நிமிர்ந்தீங்கன்னா வண்டி வளைவுக்கு வெளியே விலகிப் போகும். தோளில் ஒரு தட்டு மெதுவா, ரெண்டு தட்டு நிறுத்துன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. மணிக்கு ஒருதரம் இறங்கி நடங்க. முதுகுப்பை மாட்டாதீங்க, தோள் போயிடும்.

பாத்ரூம் கிடைக்காதுன்னு தண்ணி குடிக்காம வர்றதுதான் நிறைய பெண்கள் பண்றது. அதிலேயும் தலைவலி வரும். ஓட்டறவங்களுக்கு உடம்பு அசைஞ்சுக்கிட்டே இருக்கு, நமக்குத்தான் குளிர் சீக்கிரம் ஏறும். தெர்மல், ஃப்ளீஸ், மேலே காத்து புகாத மழைக்கோட்னு மூணு அடுக்கு போடுங்க.

பின்சீட்டுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. செப்டம்பர், சிம்லா வழின்னு மாத்தியாச்சு. ரெண்டு சந்தேகம்: உயரத்தில் உடம்பு கெடாம இருக்கப் போடுற டயமாக்ஸ் மாத்திரை போடலாமா? பாதலுக்கு அப்புறம் ஓடை தாண்டறது எப்படி?

ரெண்டாவது_கியர்:
டயமாக்ஸ் வழக்கமாகத் தருவது 125 மிகி, காலை ஒன்று இரவு ஒன்று, ஏற்றம் தொடங்கும் முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சிறுநீர் அதிகம் போகும், விரல் மதமதக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

பாதலிலிருந்து மணாலி வழியில் இருக்கும் கிராம்பு என்ற இடம் சுமார் 50 கிமீ, நாலைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். ஓடையில் வருவது பனி உருகிய தண்ணீர். வெயில் ஏற ஏறக் கூடும், மாலையில் உச்சம். காலை 9 மணிக்குள் பெரிய ஓடைகளைத் தாண்டிவிட வேண்டும். லாரி போகிற தடத்தைப் பாருங்கள். நீங்கள் இறங்கி, கல் மேல் நடந்தோ அடுத்த வண்டியில் ஏறியோ அக்கரை போங்கள். அவர் முதல் கியரில், ஒரே சீரான ஆக்சிலரேட்டரில், கிளட்ச் பிடிக்காமல், அக்கரையைப் பார்த்தபடி வரட்டும். வண்டி விழுந்து தண்ணீர் குடித்துவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள், கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யட்டும். தாண்டியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி நூறு மீட்டர் ஓட்டினால் காய்ந்துவிடும்.

கிராம்புவில் ரோஹ்தாங் கணவாய்ப் பக்கம் ஏறாமல் கோக்சர் வழியே இறங்கி அடல் சுரங்கத்தில் போனால் ரோஹ்தாங் பர்மிட் வேண்டாம்.

செயின்லூப்:
குன்சுமுக்கு முன்னாடி வர்ற லோசர் ஊரைத் தாண்டினா கோக்சர் பக்கம் வர்ற வரைக்கும் சிக்னல் கிடையாது. வீட்டுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. ப்ரீபெய்டு ஹிமாச்சலில் வேலை செய்யும், போஸ்ட்பெய்டு கட்டாயம் லடாக், ஜம்மு-காஷ்மீருக்குத்தான். காசாவில் ஏடிஎம் இருக்கு, ஆனா அதையே நம்பாம ரொக்கத்தை ரெக்காங் பியோவிலேயே எடுத்துக்கோங்க.